வெட்டினதை ஒட்டித் தரணும்

என் முகம் டிவியில் வருகிறது என்று என்னிடம் முதன்முதலில் சொன்னது பக்கத்து வீட்டுத் தெக்லா அக்காதான், தாயே, போன தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது. "ஏட்டி சலேத்து, நேத்து எட்டு மணி சீரியலுக்கு நடுவுல திடீர்னு நீ வந்து நிக்க! வாய்க்குப் போன சோறு எனக்குக் கையிலேயே நின்னுட்டு. அந்த நீலச் சேலையில நல்லாத்தான்ட்டி இருந்த" என்றாள். சொல்லிக்கொண்டே இடது காலைச் செருப்பில் நுழைத்தாள், பிறகு வலது காலை. அப்போது வலது காலில் ஐந்து விரலும் இருந்தன. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். செபமாலை நேரம் இது, கையில் மணி இருக்கிறது, உதடு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மனசு எப்போதும் அந்தச் செருப்பில் போய் இடறுகிறது, கோயில் வாசலில் கழற்றின செருப்பை மறந்துவிட்டு வந்தவள் மாதிரி திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. இன்று புதன், மகிமைத் தேவரகசியம், முதல் பத்து உயிர்ப்பு, அதை முடித்தேனா இல்லையா. மாதாவே, உன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிகிறது, அதற்குப் பக்கத்தில் சத்தம் குறைத்த டிவி. செபமாலையின்போது டிவி ஓடக் கூடாது என்று இரண்டு பிள்ளைகளையும் அடிக்காத குறையாக வளர்த்தவள் நான், இன்று நானே ஓட விட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மத்தியானம் நுகர்வோர் சங்கத்து ஹமீதா மேடம் போன் பண்ணினார். "சலேத்தம்மா, ஆணையத்தோட உத்தரவுப்படி இன்னிக்கு ஆரம்பிக்குறாங்க. அதே சேனல், அதே சீரியல், முதல் இடைவேளை. முப்பது நாளைக்கு. இனிப்பு வாங்கி வைங்க" என்றார். இனிப்பு வாங்குகிற வீடா இது. என் வீட்டுக்காரர், இவர் காதில் அந்தச் சொல் மட்டும் விழுந்துவிட்டது, அதிலிருந்து, "மேடமே சொல்லிட்டாவ, ஒரு மக்ரூனாவது வாங்குவோம்ட்டி" என்று மூன்று முறை கேட்டாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்க்கிறார். "ஒண்ணு செபத்தைச் சொல்லு, இல்ல டிவியப் பாரு. மாதாவுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம்" என்கிறார். உனக்கு ஒன்றும் குழப்பமில்லை, எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோனதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவள் நீ. ஒரு வீட்டில் நடப்பதை ஓரத்தில் நின்றே கவனிக்கிறவள். சீரியலில் மாமியார் மருமகளின் கம்மலை ஒளித்து வைக்கிறாள், வாய் அசைகிறது, சத்தமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அதே மாமியாரின் சத்தம் கேட்கிறது, படமில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தெக்லா அக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான், அவள் எழுந்து போய்விடாமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். கோயில் பங்கு மண்டபத்தில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை என்று மேடை போட்டிருந்தார்கள், அந்த அரிசிக் கம்பெனிக்காரர்கள். அதன் பெயரை என் வாயால் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன், சொன்னால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரம். பச்சைப் பை, அவ்வளவுதான். ஒரு வாரம் முன்னாலேயே வீடு வீடாக ஒரு பச்சைப் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பரிசோதனையில் இவருக்குச் சுகர் குறைந்திருந்தது. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் குறைந்திருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுத முகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை காமிராவும் கையுமாக வந்து, "அம்மா, ரெண்டு வார்த்தை சாட்சி மாதிரி சொல்லுங்க" என்றான். சாட்சி என்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நவநாள் பூசை முடிந்ததும் நன்மை பெற்றவர்கள் மைக் முன்னால் போய் நின்று சொல்வோம், முதலில் உனக்கு நன்றி, பிறகு யார் யார் கைகொடுத்தார்களோ ஒருவரையும் விடாமல் நன்றி, ஒருத்தர் பெயரை விட்டுவிட்டால் வீடு திரும்பும் வழியிலேயே மனசு உறுத்தும். சின்ன வயசிலிருந்து அந்த மைக் முன்னால்தான் நாலு பேர் எதிரில் பேசிப் பழகினேன், எட்டாவது வரை படித்தவளுக்கு வேறு மேடை ஏது. ஆகவே அப்படித்தான் சொன்னேன். மாதா கிருபையால, டாக்டரம்மா கொடுத்த மாத்திரையால, காலையில கடற்கரையில நடக்குற நடையால, ராத்திரிச் சோத்தை நிப்பாட்டினதால, இவருக்குச் சுகர் குறைஞ்சிருக்கு. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிரே அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள், வெயிலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி, முகம் வாடி நிற்கிறார்கள். நம் கோயில் எல்லைக்குள் வந்தவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் அனுப்பினால் எப்படி. அதனால், நீங்க கொடுத்த இந்த அரிசியும் நல்லா இருக்கு, பொலபொலன்னு வேகுது என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுப்பது மாதிரிதான் அதையும் கொடுத்தேன். பிறகு இவரை உட்கார வைத்து ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள், வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை, கை மறைக்கிறது என்று இன்னொரு தடவை. இவரும் ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டார். நான் கண்ணால் மிரட்டினேன், பார்க்காத மாதிரி இருந்தார். அன்றைக்கு இவர் முகத்தில் இருந்த சிரிப்பைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. எத்தனையாவது மணி இது. விரல் நகர்ந்திருக்கிறது, நான் நகர்த்தவில்லை.

அக்கா சொன்ன அன்று ராத்திரிதான் நானும் பார்த்தேன். நீலச் சேலை, என் முகம், என் வாய், என் குரல். நீங்க கொடுத்த இந்த அரிசி, என்கிறேன். உடனே வெள்ளைவெளேர் என்று ஆகாயத்திலிருந்து கொட்டுகிற மாதிரி அரிசி கொட்டுகிறது, பின்னால் வீணையோ என்னவோ வாசிக்கிறார்கள். கொட்டி முடிந்ததும் மறுபடியும் நான், இவருக்குச் சுகர் குறைஞ்சிருக்கு என்று கண்ணில் நீரோடு சொல்கிறேன். அதற்கப்புறம் இவர், தட்டு நிறையச் சோறு, அந்தச் சிரிப்பு. அடியில் எழுத்து, இனி வயிறார உண்ணலாம் என்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். நீ எங்கே, டாக்டரம்மா எங்கே, மாத்திரை எங்கே, நடை எங்கே. எல்லாவற்றையும் அந்த அரிசி கொட்டுகிற படத்துக்கு அடியில் போட்டுப் புதைத்திருந்தார்கள். இவர்தான் முதலில் பேசினார், "ஏட்டி, நீ இப்படியா சொன்ன?" என்று, எனக்குப் பக்கத்திலேயே நின்று கேட்ட மனுஷர், அவருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, தாயே, அதுதான் எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது, என் வாயே சொல்வதைப் பார்த்ததும், சொல்லியிருப்பேனோ என்று எனக்கே வந்தது. பிறகு பஸ்ஸில் ஒட்டினார்கள். திருச்செந்தூர் போகிற பஸ்ஸின் பின்பக்கம் நான் சிரித்துக்கொண்டே போனேன், புகை என் கன்னத்தில் அப்பியிருந்தது. மீன் வாங்கப் போனால், "வாங்க அரிசியம்மா" என்றார்கள். லட்சம் வாங்கிவிட்டாள் என்றார்கள். கோவையிலிருந்து மகள் பெனிட்டா, "விடுங்கம்மா, நாலு நாள்ல வேற விளம்பரம் வரும், மறந்துருவாங்க" என்றாள். கப்பலில் இருக்கிற மகன், எந்தக் கடலிலிருந்தோ, "அம்மா ஃபேமஸ் ஆயிட்டாங்க" என்று கைதட்டுகிற பொம்மை அனுப்பினான். நானும் விட்டிருப்பேன். யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாதவள் நான், மீன்காரி எடை குறைத்தால்கூட அவளுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறவள். தெக்லா அக்காவின் கால் மட்டும் இல்லையென்றால் விட்டிருப்பேன். அவள் இவருக்கு முன்னாலேயே சுகர்காரி. என்னை டிவியில் பார்த்த மறுநாளே பச்சைப் பை வாங்கினாள், மாத்திரையை நிறுத்தினாள், மூன்று வேளையும் அதையே சாப்பிட்டாள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வானேன், சலேத்தே சொல்லிவிட்டாள் அல்லவா. கால் விரலில் சின்னக் கொப்புளம், செருப்புக் கடி என்று மஞ்சள் வைத்தாள். பெரிய வியாழன் அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசைக்கு மணி அடிக்கும்போது பெருவிரலை எடுத்துவிட்டார்கள். நான் பழத்தோடு ஓடினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "மாதாவ மறந்துட்டு அரிசிக்குச் சாட்சி சொன்னவளோட எனக்கு என்ன பேச்சு" என்று சுவரைப் பார்த்தே சொன்னாள். நான் அப்படிச் சொல்லலக்கா, வெட்டிட்டாங்கக்கா, என்றேன். "உன் வாய்தானட்டி அது, இல்ல என் வாயா?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் சுவர் ஊமையாகிவிட்டது. அதுவரை அவள் வீட்டில் மீன்குழம்பு இறக்கினால் அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவாள், டக்டக், கிண்ணத்தோடு வா என்று அர்த்தம். என் வீட்டில் இறக்கினால் நான் தட்டுவேன். சாளை மீனா, ஊழி மீனா, நண்டா என்பதெல்லாம் தட்டுகிற வேகத்திலேயே தெரியும். ஈஸ்டருக்கு அப்புறம் நான் தட்டினேன், ஒரு நாள், இரண்டு நாள். பதிலில்லை. பிறகு குழம்பு வைத்தால் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கொஞ்சமாக வைத்தேன், கையளவு அப்படியும் தப்பி எப்போதும் ஒரு கிண்ணம் மிஞ்சிப் போகும்.

இரண்டாம் பத்தா, மூன்றாம் பத்தா. தூய ஆவி இறங்கி வந்தது மூன்றாவது. பேசத் தெரியாதவர்கள் எல்லாம் எழுந்து நின்று பேசினார்களே, அது. எனக்கும் அப்படித்தான் ஆனது என்று சொன்னால் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதே. ஜெராக்ஸ் கடை மாடியில் ஹமீதா மேடத்தின் சங்கம், படியேறும்போது முட்டி வலித்தது, திரும்பிவிடலாம் என்று பாதிப் படியில் நின்றேன். மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்து, "அரிசியம்மாதானே? ஏறி வாங்க, உங்களைத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார். முக்காடு போட்ட தலை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை, பேச்சில் மிளகாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெட்டாத பேச்சு எங்கேயாவது இருக்கா?" என்றார். கம்பெனியிடம் இருக்கும் என்றேன். சிரித்தார். "அவன் இருக்குன்னு சொல்லுவானா?" அப்போதுதான், தாயே, நம் பங்கின் யூடியூப் ஞாபகம் வந்தது. நீ ஞாபகப்படுத்தினாய். பூசையானாலும் கூட்டமானாலும் மைக் போட்டால் கூடவே அதையும் போட்டுவிடுகிற வழக்கம் நம் பங்கில், யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் ஆண்டவர் பார்க்கிறார் என்பார் பங்குச் சாமியார். அந்தப் பரிசோதனை நாள் முழுவதும் அதில் கிடந்தது, நாற்காலி இழுக்கிற சத்தம், புறா, மைக் கத்துவது, எல்லாம் வெட்டாமல். தேடித் தேடிப் போய், நீலச் சேலை வந்ததும், மாதா கிருபையால என்று என் குரல் வந்ததும், நான் ஹமீதா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் சொல்லித்தான் இருக்கிறேன். என் வாய் என்னை விட்டுப் போகவில்லை. அதைப் போனில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு ஓடினேன். ஜன்னல் வழியாகவே சொன்னாள், "பேச்சை வெட்டலாம்னு ஆஸ்பத்திரியில நீதானட்டி சொன்ன. இதையும் நீ ஒட்டிக் கொண்டாந்திருப்ப." அவள் சொன்னது நியாயம். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், வெட்டினவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், அதே இடத்தில், அதே நேரத்தில், அவள் அதே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது. ஹமீதா மேடம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டார். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் இருந்த அம்மா தலைவர். கம்பெனி வக்கீல் நல்ல உயரம், சத்தம் அதைவிட உயரம். "அம்மா, அது உங்க முகம்தானே?" ஆமா ஐயா. "உங்க குரல்தானே?" ஆமா ஐயா. "நீங்க சொல்லாத ஒரு வார்த்தையாவது நாங்க சேர்த்தோமா?" முந்தானைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். "சேர்க்கல ஐயா. மீன்குழம்புல இருந்து மீனை எடுத்துட்டுக் கொடுத்தாலும், நான் எதையும் சேர்க்கலன்னுதான் சொல்லலாம்" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. தலைவரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் இவரைக் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மேலேயிருந்து எல்லாரையும் குனிந்து பார்த்தே பழகினவர், அங்கேயும் அப்படித்தான் நின்றார். வக்கீல் கேட்டார், "அந்த அரிசியைச் சாப்பிட்டு நீங்க சந்தோஷமா சிரிக்கிறது படத்துல தெரியுதே, அது பொய்யா?" இவர் சொன்னார், "சிரிப்பு நெசந்தான் சார். இவ எனக்குத் தட்டு நெறையச் சோறு போட்டு வருஷக்கணக்காச்சு. அன்னைக்கு இவ கண்ணு முன்னால, இவளால ஒண்ணும் சொல்ல முடியாம, திரும்பத் திரும்பப் போட்டாங்க. அதான் சிரிச்சேன்." ஆணையமே சிரித்தது, வக்கீலின் கூட வந்தவர்கூடச் சிரித்தார். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் தலைவரம்மா கேட்டார், "உங்களுக்கு என்னம்மா நிவாரணம் வேணும்? நஷ்டஈடு எவ்வளவு கேக்குறீங்க?" ஹமீதா மேடம் என் காதில் ஏதோ சொல்ல வந்தார், நான் அதற்குள் சொல்லிவிட்டேன். "எனக்கு ஈடு ஒண்ணும் வேண்டாம்மா. வெட்டினதை ஒட்டித் தரணும். எங்க வெட்டினாங்களோ அங்கேயே வச்சு ஒட்டித் தரணும்." தலைவரம்மா கீழே வைத்த பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். தீர்ப்பில் வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறது, திருத்த விளம்பரம் என்று, எதிர்த்தரப்பின் செலவில் என்று, ஆனால் நான் கேட்டது அதில் அப்படியே இருக்கிறது என்றார் ஹமீதா மேடம். பஸ்ஸில் இருந்த என்னையும் கிழித்து எடுத்துவிட்டார்கள். ஒரு பஸ்ஸில் மட்டும் ஒரு கன்னம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போகட்டும், அது ஒன்றும் சொல்லாது.

நாலாம் பத்து. சீரியலில் மருமகள் கம்மல் கிடைத்துவிட்டது, மாமியார் முகத்தைப் பக்கத்தில் காட்டுகிறார்கள், இன்னும் பக்கத்தில், இடைவேளைக்கு முன்னால் இப்படித்தான் காட்டுவார்கள். மறுபடியும் வெட்டியிருந்தால். பெயருக்கு ஒரு நொடி காட்டிவிட்டு வீணை வாசித்துவிட்டால். அக்கா சரியாக அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போய்விட்டால். அவளால் இப்போது சட்டென்று எழுந்திருக்க முடியாது, அது ஒரு நன்மை, ஐயோ இதை நன்மை என்கிறேனே, மன்னித்துக்கொள். வாசலில் அவள் செருப்பைத் தினமும் பார்க்கிறேன், சுகர்காரர்களுக்கென்று விற்கிற மெத்துச் செருப்பு, வலது செருப்பின் நுனி மட்டும் அழுந்தாமல் புதுசாகவே இருக்கிறது. இவரைப் பார்த்து, சத்தத்தைக் கூட்டுங்க என்றேன். இவர் ரிமோட்டைத் தேடினார், மடியில் வைத்துக்கொண்டே தேடினார். கூட்டினார். மாமியாரின் மூச்சுச் சத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகக் கேட்டது, அப்போது கரண்ட் போனது. தாயே. அப்படியே போனது, டிவி, விசிறி, தெரு விளக்கு, எதிர் வீடு, எல்லாம். உன் மெழுகுவத்தி மட்டும். "போச்சு" என்றார் இவர் இருட்டில். தெருவே ஓ என்று ஒரு சத்தம் போட்டது, எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும் இன்று வருகிறதென்று, எல்லாரும் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் போனால் இன்னும் இருக்கிறதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று புத்தி சொல்கிறது, மனசு கேட்கவில்லை, இன்றைக்கு, இன்றைக்குத்தான் என்று பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறது. அழுகை வரும்போல இருந்த அந்த நேரத்தில்தான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி நிற்கவில்லை. அக்காவின் மகன், ஆபரேஷன் முடிந்து அவள் வீடு வந்த வாரம், அம்மாவுக்கு விசிறி நிற்கக் கூடாதென்று இன்வெர்ட்டர் வைத்துக் கொடுத்தானே, கேபிள் நின்றாலும் டிவி ஓட மாடியில் தனியாகக் குடை ஆன்டெனாவும் வைத்தானே. தெருவில் அந்த ஒரு வீட்டில்தான் வெளிச்சம். இருட்டில் சுவரிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது, திருத்தமான குரல், செய்தி வாசிப்பதுபோல. எங்கள் அரிசியை உண்டால் இரத்தச் சர்க்கரை குறையும் என்று நாங்கள் விளம்பரம் செய்தது உண்மையல்ல. மருத்துவர் தந்த மாத்திரைகளை யாரும் நிறுத்த வேண்டாம். திருமதி சலேத் மேரி பேசியதை நாங்கள் வெட்டி ஒளிபரப்பினோம். அவர் பேசியது முழுமையாக இதோ. இவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். பிறகு நான் பேசினேன். சுவருக்குள்ளிருந்து நான் பேசினேன். மாதா கிருபையால, என்றேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையால, என்றேன். நடையால, ராத்திரிச் சோத்தை நிப்பாட்டினதால. நடுவில் புறா சிறகடித்தது, மைக் கத்தியது, ஒன்றையும் வெட்டவில்லை, அரிசி கொட்டவில்லை, வீணை இல்லை. நீங்க கொடுத்த இந்த அரிசியும் நல்லா இருக்கு, பொலபொலன்னு வேகுது என்பது கடைசியில், அது இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வாய் காப்பி மாதிரி. என் கூடவே என் உதடும் இந்தப் பக்கம் சொல்லிக்கொண்டு வந்தது. ஊரே இருட்டில் இருக்க, யார் பார்க்க வேண்டுமோ அவள் ஒருத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தாயே, நான் கேட்டதைவிட எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாய். முடிந்தது. பல்பொடி விளம்பரம் வந்தது, யாரோ பாடினார்கள். சட்டென்று அதையும் நிறுத்திவிட்டாள். பிறகு நாற்காலி தேய்ந்தது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் மெதுவாக, அடுப்படி வரை போய், திரும்பி வந்தது. டக்டக். இவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். மறுபடியும், டக்டக், கோபமாக, நண்டுக்குத் தட்டுகிற வேகத்தில். "ஏட்டி சலேத்து! செத்தா கிடக்க?" இருக்கேன்க்கா, என்றேன். "உங்க வீட்ல கரண்ட் இல்லையே, நீ பாத்தியா?" இல்லக்கா. "நான் பாத்தேன்ட்டி. முழுசும் பாத்தேன்." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "இம்புட்டு நீளமாவாட்டி ஒருத்தி நன்றி சொல்லுவா? மாதாவ, டாக்டர, மாத்திரைய, நடைய, ஊர்ல ஒருத்தர விடல. அவன் வெட்டாம என்னட்டி செய்வான்?" நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் வந்தது என்று தெரியாது. அக்கா, மாத்திரை போட்டியா, என்று கேட்டேன். "போட்டாச்சு, போட்டாச்சு. கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வா, ஊழி வச்சிருக்கேன். இருட்டுல தடுக்கி விழுந்துராத. அந்த நீலச் சேலை உனக்கு நல்லாத்தான்ட்டி இருக்கு." இவர் இருட்டில் கிண்ணம் தேடப் போய் எதையோ உருட்டிவிட்டார். அவருக்கு ஒரு பிடி சோறு கூடப் போடலாமா இன்றைக்கு, வேண்டாம், அரைப் பிடி. ஐந்தாம் பத்து பாக்கி இருக்கிறது, உனக்கு முடி சூட்டுகிற பத்து, போகிற வழியில் சொல்லிவிடுகிறேன், வாசலிலிருந்து வாசலுக்கு அவ்வளவு தூரம் போதும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், தாயே. நாளைக்கு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள். நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.